செவிலி இல்லம்: கைவிடப்பட்ட நாய்களுக்குக் கதவு திறந்த வரலாறு

தாய்மையை இருவகையாகப் பகுத்துக் காட்டியது பழந்தமிழ் இலக்கியம். ஈன்றவள் நற்றாய், எடுத்து வளர்த்தவள் செவிலித்தாய். செவிலி உணவூட்டுவாள், உறங்க வைப்பாள், நடை பயிற்றுவாள். ஆயினும் ஒருநாள் அம்மகள் வேறோர் இல்லத்துக்கு உரியவளாகிப் பிரிந்து செல்வாள். பிரிவு வரும் என்பதை அறிந்திருந்தும் அன்பைக் குறைத்துக் கொள்ளாமையே செவிலியின் பெருமை.

இற்றை நாள் நகரங்களில் இதனையொத்த தொண்டு ஒன்று நடைபெற்று வருகின்றது. தெருவில் அடிபட்டும், பசித்தும், உரியவரால் கைவிடப்பட்டும் கிடக்கும் நாய்களை மீட்டு, அவற்றுக்கு நிலையான உரிமையாளர் அமையும் வரை சில வாரங்களோ சில மாதங்களோ தம் வீட்டில் வைத்துப் பேணுவோர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பலர் உள்ளனர். அவர்களுடைய வீட்டைச் செவிலி இல்லம் என்று அழைப்பது பொருந்தும். உவமை முற்றும் பொருந்தாது எனினும், வளர்த்துக் கையளிக்கும் அந்த உறவுக்குத் தமிழில் இதனினும் ஏற்ற சொல் இல்லை.

இப்பழக்கம் அண்மையில் தோன்றியது போல் காணப்பட்டாலும், இதன் வேர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒரு வீட்டில் தொடங்கி, நிறுவனமாக வளர்ந்து, நிறுவனத்தால் மட்டும் இயலாது என்ற உண்மை தெளிவான பின்னர், மீண்டும் வீட்டையே நாடி வந்த வரலாறு இது.

சமையலறையில் பிறந்த எண்ணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் விலங்குகளின் துன்பத்தைச் சட்டம் நோக்கியது. ரிச்சர்டு மார்ட்டின் என்பாரின் முயற்சியால் 1822 ஆம் ஆண்டில் கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 1824 ஆம் ஆண்டில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இலண்டனில் தோன்றியது. எனினும் அச்சட்டம் முதலில் காத்தது மாடு, குதிரை போன்ற பயன்தரும் விலங்குகளையே. தெருவில் திரியும் நாய்க்குச் சட்டத்திலும் இடமில்லை. பலருடைய மனத்திலும் இடமில்லை.

1860 ஆம் ஆண்டில் இலண்டனின் இசுலிங்டன் பகுதியில் ஒரு பெண்மணி பட்டினியால் சாகும் தறுவாயில் கிடந்த நாய் ஒன்றைக் கண்டார். அதனை எடுத்துக்கொண்டு தம் தோழியான மேரி டீல்பியின் வீட்டுக்குச் சென்றார். டீல்பி அம்மையார் அதனைச் சமையலறையில் கிடத்திப் பேணினார். எவ்வளவு பேணியும் அந்நாய் இறந்துவிட்டது. ஆயினும் அந்த இறப்பு வீண்போகவில்லை. அதே ஆண்டில் ஹாலோவே என்னும் இடத்தில் ஒரு குதிரைக் கொட்டிலை வாடகைக்குப் பிடித்து, வழிதவறியும் பசித்தும் திரியும் நாய்களுக்கு ஓர் இல்லத்தை அவர் நிறுவினார். அவர் அதற்கு இட்ட பெயரில் 'தற்காலிக இல்லம்' என்ற தொடர் இடம்பெற்றிருந்தது. நாய் அங்கேயே வாழ்ந்து முடிவதற்கன்று அவ்வில்லம். பழைய உரிமையாளரையோ புதிய உரிமையாளரையோ அடையும் வரை தங்கிச் செல்வதற்கே.

அக்காலத்துப் பத்திரிகைகள் இம்முயற்சியை எள்ளி நகையாடின. ஏழை மனிதர்க்கே உறைவிடம் இல்லாத நகரில் நாய்க்கு விடுதியா என்று வினவின. அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. இன்றும் அது கேட்கப்படுகின்றது. ஆனால் 1862 ஆம் ஆண்டில் சார்லசு டிக்கன்சு நடத்திய வார இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பரிசுக்காக அலங்கரிக்கப்பட்ட உயர்குல நாய்களின் கண்காட்சியையும், ஹாலோவேயில் கிடந்த நாதியற்ற நாய்களையும் அது அருகருகே வைத்துக் காட்டியது. மக்களின் மனம் சிறிது சிறிதாக இளகத் தொடங்கியது. 1865 ஆம் ஆண்டில் டீல்பி அம்மையார் மறைந்தார். 1871 ஆம் ஆண்டில் அவ்வில்லம் பாட்டர்சீ என்னும் இடத்துக்கு மாறியது. அங்கு இன்றும் இயங்கி வருகின்றது.

கூண்டின் எல்லை

இல்லம் வளர்ந்தது, வளர்ச்சியே அதற்குச் சோதனையாகவும் அமைந்தது. 1867 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இலண்டன் தெருநாய்களைப் பிடிக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு அளித்தது. பிடிக்கப்பட்ட நாய்கள் இவ்வில்லத்துக்கே கொண்டுவரப்பட்டன. வருவன பல, செல்வன சில, கூண்டுகளோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கேட்பாரற்ற நாய்கள் குறித்த நாள்கள் கழிந்தபின் கொல்லப்பட்டன. 1884 ஆம் ஆண்டில், வலியின்றிக் கொல்வதற்கென மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் வடிவமைத்த அறை ஒன்று அங்கே அமைக்கப்பட்டது. உயிர் காக்கத் தோன்றிய இடத்திலேயே உயிர் நீக்கும் அறையும் வேண்டியதாயிற்று. அதனை நடத்தியவர்கள் கொடியவர்கள் அல்லர். இடம் இல்லாமையே அங்குத் தீர்ப்பு வழங்கியது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க்கு நகரில் 1870களில் தெருநாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஆற்றில் அமிழ்த்தினர். பிலடெல்பியா நகரில் கரோலின் எர்ல் வைட்டு என்னும் அம்மையாரும் அவருடைய தோழியரும் 1869 ஆம் ஆண்டில் பெண்களுக்கென விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, நாய்களுக்குக் காப்பகம் அமைத்தனர். அதன்பின் பல நகரங்களில் காப்பகங்கள் எழுந்தன. கொலையின் முறை மென்மையடைந்தது; கொலை நிற்கவில்லை. ஒரு நூற்றாண்டு முழுதும், காப்பகம் என்றால் வரிசையாய்க் கூண்டுகள், ஓயாத குரைப்பு, நாள் எண்ணும் பேரேடு என்பதே பொருளாயிற்று.

வளர்த்துக் கையளிக்கும் மரபு

பிறருக்குரிய நாயைத் தன் வீட்டில் வளர்த்துக் கையளிக்கும் பழக்கம் வேறொரு வழியிலும் இங்கிலாந்தில் இருந்துவந்தது. நரி வேட்டைக்குரிய நாய்க்கூட்டங்களை வைத்திருந்த நிலக்கிழார்கள், குட்டிகளைத் தம் குத்தகைக் குடியானவரின் பண்ணை வீடுகளுக்கு அனுப்புவர். கோழிக்கும் கன்றுக்கும் குழந்தைக்கும் இடையே வளர்ந்த குட்டி, அச்சமும் முரட்டுத்தனமும் நீங்கிப் பின்னர்க் கூட்டத்துக்குத் திரும்பும். பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் பிரிட்டிசுச் சங்கம் 1956 ஆம் ஆண்டில் இம்முறையைத் தனதாக்கிக் கொண்டது. குட்டிகள் தொண்டர்களின் வீடுகளில் ஓராண்டளவு வளர்ந்தன. பின்னர்ப் பயிற்சிக் கூடத்துக்குச் சென்றன. அழுதுகொண்டே அனுப்பிவிட்டு, அடுத்த குட்டியைக் கேட்டு வந்த குடும்பங்கள் பல.

இதன் காரணத்தை அறிவியலும் விளக்கியது. அமெரிக்க ஆய்வாளர்களான சுகாட்டும் புல்லரும் பல்லாண்டு ஆய்ந்து 1965 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே அது உலகத்தோடு உறவு கொள்ளக் கற்கும் காலம் என்று காட்டினர். அப்பருவத்தில் மனிதர் கையை அறியாத குட்டி பின்னாளில் மனிதரைக் கண்டு அஞ்சும். கூண்டில் கழியும் ஒரு திங்கள் குட்டிக்குச் சிறு காலமன்று; அதன் பள்ளிப் பருவத்தில் பாதி.

தியாகராய நகரின் வெள்ளம்

தமிழகத் தலைநகரின் வரலாறும் ஈண்டுக் குறிப்பிடத் தக்கது. சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை 1860 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது எனச் சின்னி கிருஷ்ணா எழுதியுள்ளார். இலண்டனில் டீல்பி அம்மையார் இல்லம் திறந்த அதே ஆண்டு அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து 1959 ஆம் ஆண்டில் பெய்த பெருமழையில் தியாகராய நகர்ப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. விமானியான கேப்டன் சுந்தரம், நீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை மீட்டுத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய துணைவியார் உஷா சுந்தரமும் இந்தியாவின் முன்னோடிப் பெண் விமானிகளுள் ஒருவர். அவ்வில்லத்தில் புகுந்த அவ்விரு குட்டிகளே இந்திய நீலச்சிலுவைச் சங்கத்தின் தோற்றத்துக்குக் காரணமாயின. அக்குடும்பத்தின் மகனே மேற்சொன்ன சின்னி கிருஷ்ணா.

கொல்வதால் தெருநாய்கள் குறைவதில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போடுவதே வழி என்று அச்சங்கம் 1964 ஆம் ஆண்டு முதல் வற்புறுத்தி வந்தது. 1996 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி அதற்கு இசைந்தது. 2001 ஆம் ஆண்டில் அதுவே இந்திய நடுவணரசின் விதியாயிற்று. இங்கும் தொடக்கம் ஒரு வீடே என்பது கருதத்தக்கது.

மலாயா மண்ணில்

மலாயாவில் தெருநாய் பற்றிய பேச்சு என்றும் வெறிநோய் பற்றிய அச்சத்தோடு பிணைந்தே இருந்தது. அவ்வச்சம் காரணமற்றதன்று. வெறிநோய் கண்டபின் மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது. 1952 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நோய் பரவியபோது, நாய்களுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. உரிமையாளரற்ற நாய்கள் கொல்லப்பட்டன. நோய் அடங்கியது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஏடு அதனை ஒரு வெற்றியாகப் பதிவு செய்தது. 1953 ஆம் ஆண்டுக்குப்பின் சிங்கப்பூர் வெறிநோயற்ற நாடாக விளங்கி வருகின்றது.

அதன்பின் மக்களின் வாழ்விடமே மாறியது. சிங்கப்பூரில் 1960 ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் கம்பத்து வீடுகள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மலேசியத் தோட்டங்களில் இரப்பர் மரங்கள் சாய்ந்து நிலம் வீட்டு மனைகளானபோது, லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் நகரத்து அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தன. லயத்தில் நாய் யாருக்கும் தனியுடைமை அன்று. ஒரு வீட்டில் சோறுண்டு மறு வீட்டுத் திண்ணையில் படுத்து, இரவில் லயம் முழுவதையும் காத்தது. அடுக்ககத்தில் அதற்குத் திண்ணை இல்லை. பல இடங்களில் இசைவும் இல்லை. பொருள்களை ஏற்றிய லாரி புறப்பட்டபோது பின்னால் ஓடிவந்து நின்றுவிட்ட நாய்களின் வழித்தோன்றல்கள் இன்றைய தெருநாய்களுள் எத்தனையோ.

அந்நாய்களுக்கு மனிதர் இழைத்த துயரங்களுள் ஒன்று 2009 ஆம் ஆண்டில் உலகின் கவனத்தை ஈர்த்தது. கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் உள்ள கெத்தாம் தீவில் நாய்த்தொல்லை மிகுந்ததாகக் கூறி, முந்நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் பிடிக்கப்பட்டு, ஆளற்ற அலையாத்திக் காட்டுத் தீவுகளில் விடப்பட்டன. அங்கு உணவில்லை, குடிநீரும் இல்லை. பசியால் வெறித்த நாய்கள் மடிந்த நாய்களைத் தின்றன. செய்தி அறிந்த தொண்டர்கள் படகேறிச் சென்றனர். மீட்கப்பட்டவை ஒரு பகுதியே. அவ்வாறு மீட்கப்படும் நாய்கள் கரை சேர்ந்தவுடன் எழும் முதல் வினா, அவற்றை இன்றிரவு எங்கே படுக்க வைப்பது என்பதே. காப்பகங்கள் எப்போதும் நிறைந்தே இருப்பன. வீடு ஒன்று திறந்தால்தான் அவ்வினாவுக்கு விடை உண்டு.

2015 ஆம் ஆண்டில் பெர்லிசு, கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் மீண்டும் தலைகாட்டியது. தெருநாய்களைக் கொல்லும் ஆணைக்கு ஆதரவும் எதிர்ப்பும் ஒருங்கே எழுந்தன. 2017 ஆம் ஆண்டில் நோய் சரவாக்கிலும் பரவி மனித உயிர்களைப் பறித்தது. மக்களைக் காப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தெருவில் நிற்கும் நாய் எவருக்கும் பொறுப்பற்றது. வீட்டில் நிற்கும் நாய் தடுப்பூசி பெற்றது, கருத்தடை செய்யப்பட்டது, பெயரால் அறியப்படுவது. செவிலி இல்லம் நாய்க்கு மட்டுமன்றி ஊருக்கும் காவல் என்பது இதனால் விளங்கும். மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2017 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்ததும் இக்காலத்திலேதான்.

சிங்கப்பூரில் தடை வேறு வகையில் இருந்தது. மக்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வாழும் வீடமைப்புக் கழக வீடுகளில், பட்டியலிட்ட சிறு இன நாய்களுக்கே இடமிருந்தது. அம்மண்ணிலேயே பிறந்த கலப்பின நாய்க்கு அப்பட்டியலில் இடமில்லை. 2012 ஆம் ஆண்டில் இதற்கென ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. 50 சென்டிமீட்டர் உயரத்துக்கும் 15 கிலோ எடைக்கும் மேற்படாத உள்ளூர் நாய்களைத் தத்தெடுக்க அதன்படி இசைவு கிட்டியது. 2014 ஆம் ஆண்டில் அது நிலையான திட்டமாயிற்று. 2020 ஆம் ஆண்டில் உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்ந்தது. எடை வரம்பு நீங்கியது. ஐந்து சென்டிமீட்டர் என்பது அளவுகோலில் சிறியது. காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்த நாய்க்கு அது வாசற்படியின் உயரம்.

வீடு செய்யும் மருத்துவம்

காப்பகம் தராத எதனை வீடு தருகின்றது? முதலாவது, நோயினின்று காப்பு. 1978 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய பார்வோ நச்சுயிரி, தடுப்பூசி முடியாத குட்டிகளைச் சில நாள்களில் கொன்றுவிடும். குட்டிக்குத் தடுப்பூசி ஆறாம் வாரத்துக்குப் பின்னரே தொடங்கும். பதினாறாம் வாரம் வரை இடைவிட்டுத் தொடரும். பல நாய்கள் நெருங்கியிருக்கும் காப்பகத்தைவிட, நாய் நடமாட்டமற்ற வீட்டின் ஒரு மூலையே அக்காலத்தில் குட்டிக்குப் பாதுகாப்பான இடம். கண் திறவாத குட்டியாயின், அதற்குரிய பால்மாவைக் கரைத்து இரண்டு மூன்று மணிக்கொரு முறை இரவிலும் புகட்டவேண்டும். எவ்வளவு பெரிய காப்பகத்திலும் அதற்கு ஆள் போதாது.

இரண்டாவது, மன அமைதி. 2019 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்கள் ஓரிரு இரவுகள் வீடுகளுக்கு அனுப்பி வைக்கப்பட்ட ஆய்வு ஒன்று வெளியாயிற்று. மனவழுத்தத்தின் அறிகுறியான கார்ட்டிசால் என்னும் சுரப்பின் அளவு வீட்டில் தங்கிய நாள்களில் குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய நிலையை அடைந்தது. வீட்டில் அவை ஆழ்ந்து ஓய்வு கொண்டன. ஓர் இரவின் உறக்கமும் உடலில் பதிவாகின்றது என்பது அவ்வாய்வின் பாடம்.

மூன்றாவது, நாயின் உண்மை இயல்பு வெளிப்படுதல். 2007 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காற்பந்தாட்டக்காரர் மைக்கேல் விக் என்பாரின் வர்ஜீனியா நிலத்தில் நாய்ச்சண்டைக்கெனப் பழக்கப்பட்ட ஏறத்தாழ 50 நாய்கள் கைப்பற்றப்பட்டன. அத்தகைய நாய்களைக் கொன்றுவிடுவதே அதுவரை வழக்கம். இம்முறை ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்பட்டு, 47 நாய்கள் நலச் சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சில நேரே வீடுகளில் வளர்க்கப்பட்டன. படியேறுவது எவ்வாறு, கண்ணாடியில் தெரிவது என்ன என்பனவற்றை அவை வீட்டிலேதான் கற்றன. சில நாய்கள் பின்னர் நோயாளரைத் தேற்றும் பணிக்கும் சென்றன. கூண்டில் உறுமிய நாய் கூடத்தில் வாலாட்டுவது புதுமையன்று. தத்தெடுக்க வருவோர்க்கு, அது குழந்தையோடு பழகுமா, தனிமையைப் பொறுக்குமா, இடிமுழக்கத்துக்கு அஞ்சுமா என்பதைச் சொல்லத்தக்கவர் அதனுடன் வாழ்ந்தவர் ஒருவரே.

இத்தொண்டு எளிதன்று. செருப்பு கிழியும், தரை நனையும், இரவு முழுதும் ஊளை கேட்கும். பல்லின மக்கள் அடுத்தடுத்து வாழும் நாட்டில், நாயைத் தீண்டுவதில் சமய வரையறை உடைய அண்டை வீட்டாரின் உணர்வை மதித்து, நாயைக் கட்டியும் இடத்தைத் தூய்மையாக்கியும் நடந்துகொள்வது செவிலி இல்லத்தின் கடமை. அவ்வாறு நடக்காத ஒரு வீட்டால் பத்து வீடுகளின் நற்பெயர் கெடும்.

கையளிக்கும் நாள்

இவை எல்லாவற்றினும் அரியது பிரிவு. முதல் வாரம் கட்டிலுக்கடியில் ஒளிந்த நாய், மூன்றாம் மாதம் வாசலில் காத்து நிற்கும். அந்நிலையில்தான் அதனைக் கையளிக்கவேண்டும். மனம் பொறாது அந்நாயைத் தமதாக்கிக் கொள்வோரும் உண்டு. அது குற்றமன்று, அந்நாய்க்கு அது நற்பேறே. ஆயினும் வீட்டின் இடமும் குடும்பத்தின் ஆற்றலும் அளவுடையன. செவிலி தாயாகிவிடும்போது பெரும்பாலும் அடுத்த நாய்க்குக் கதவு அடைபடுகின்றது. காப்பகத்தில் காலியாகும் ஒவ்வொரு கூண்டும் வேறோர் உயிருக்கு இடமாவது போல, வீட்டில் காலியாகும் மூலையும் வேறோர் உயிருக்கு இடமாகும்.

கலித்தொகையில் செவிலி ஒருத்தி, தலைவனுடன் சென்றுவிட்ட மகளைத் தேடி வழிப்போகும் சான்றோரிடம் வினவுகின்றாள். சந்தனம் தான் பிறந்த மலைக்கன்றிப் பூசுவோர்க்கே பயன்படுதலைக் கூறி அவர்கள் அவளைத் தேற்றுகின்றனர். அவளுடைய துயரத்தை அவர்கள் பிழையென்று சொல்லவில்லை. அத்துயரத்துக்குள் இருக்கும் நிறைவையே எடுத்துக் காட்டினர்.

மேரி டீல்பியின் சமையலறையில் கிடந்த நாய்க்குப் பெயரிட்டு அழைக்கவும் காலம் வாய்க்கவில்லை. அதனைக் காக்க இயலாத துயரத்திலிருந்தே நூற்றறுபது ஆண்டு வரலாறு ஒன்று எழுந்தது. கொட்டில்களும் சட்டங்களும் ஆய்வுகளும் அதன்பின் வந்தன. அவை யாவும் வேண்டியவையே. ஆனால் இன்றிரவு ஒரு நாய் எங்கே படுக்கும் என்ற வினாவுக்கு, இன்றும் ஒரு குடும்பமே விடை சொல்ல வேண்டியுள்ளது. கூடத்தின் மூலையில் பழைய சாக்கு ஒன்றை விரித்து, அருகே ஒரு கிண்ணத்தில் நீர் வைக்கும் வீட்டாரே அவ்வரலாற்றின் அடுத்த பக்கத்தை எழுதுகின்றனர்.